சேர்வர் மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தது

பழைய சோனகத் தெருவில் எமது கடைக்கு மேல் 'ஹாட்வெயார்' என்று பெரிய எழுத்தில் பலகை மாட்டியிருக்கிறோம். கம்பி, சீமெந்து, பீ.வீ.சீ. குழாய், பெயின்ட் என்று முப்பது வருடங்களாக இதில்தான் எனது சீவியம் போகிறது. கம்பிக் கட்டில் துரு ஏறியிருந்தால் தூரத்தில் நின்றே சொல்லிவிடுவேன். சீமெந்து மூடையில் ஈரம் பிடித்திருந்தால் கையை வைத்ததும் தெரியும். ஆனால் அதே கடையின் மேல்தட்டில் இன்னொரு ஹாட்வெயார் மெதுவாகச் செத்துக்கொண்டிருந்ததை மூன்று மாதங்களாக நானும் அறியவில்லை, என்னிடம் வேலை செய்யும் பதினொரு பேரும் அறியவில்லை. எமது கணக்கு வழக்கெல்லாம் தங்கியிருந்த சேர்வரைத்தான் சொல்கிறேன்.

கொம்பியூட்டர் விடயத்தை இந்தப் பத்தியில் எழுதலாமா என்று முதலில் தயங்கினேன். நான் படித்தது சாதாரண தரம் வரைதான். ஆனாலும் இன்று புறக்கோட்டையிலென்ன, கல்முனையிலென்ன, ஓரளவு பெரிய மொத்த வியாபாரக் கடை எதுவாயினும் ஒரு மூலையில் சேர்வர் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. வாங்கும்போது ஆயிரம் ரூபாவுக்கும் பேரம் பேசுகிறோம். வாங்கி வைத்த பின்னர் அதன் பக்கம் திரும்பியும் பார்ப்பதில்லை. எனவே எனக்கு நடந்ததை உள்ளபடி எழுதுகிறேன்.

2019 இல் பாவித்த சேர்வர் ஒன்றை வாங்கினேன். உள்ளே நான்கு ஹார்ட் டிஸ்க்குகள். "ஹாஜியார், இதில ஒரு டிஸ்க் போனாலும் உங்கட கணக்குக்கு ஒண்டும் ஆகாது" என்று விற்றவர் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. ரெய்ட் 5 என்று அந்த ஏற்பாட்டுக்குப் பெயர். நான்கில் ஒன்று செத்தாலும் மீதி மூன்றிலிருந்து கணக்கை மீட்டுக்கொள்ளும். ஆனால் செத்ததை உடனே மாற்ற வேண்டும். அதற்கிடையில் இரண்டாவது டிஸ்க்கும் போனால் நான்கிலும் உள்ளது போய்விடும். ஸ்பெயார் டயரையும் மாட்டிக்கொண்டு ஓடுகின்ற லொறியின் நிலைதான் அது. சாரதிக்கு அது தெரிந்தால் அடுத்த ஊரிலேயே நிறுத்துவான். தெரியாதவன் அப்படியே மட்டக்களப்பு வரை ஓட்டுவான்.

அதன்பின் 2022 வந்தது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் 13 மணித்தியாலம் வரை மின்சாரம் தடைப்பட்ட அந்த நாட்களை எவரும் மறந்திருக்க மாட்டீர்கள். எமது ஜெனரேட்டரில் மின்விளக்கும் கொம்பியூட்டர்களும் ஓடின, ஏ.சீ. ஓடவில்லை. தகரக் கூரைக்குக் கீழே உள்ள மேல்தட்டு அது, கீழிருந்து சீமெந்துத் தூசு வேறு ஏறும். சேர்வர் உள்ள இடத்துக்கு உள்ளிழுக்கும் காற்று 18 பாகையிலிருந்து 27 பாகை செல்சியஸுக்குள் இருப்பது நல்லது என்று அத்துறையில் ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். எங்கள் மேல்தட்டில் ஐந்து நிமிடம் நின்றால் சட்டை நனைந்துவிடும்.

2023 ஓகஸ்டில் ஒரு திங்கட்கிழமை காலை, பில் அடிக்கிற பிள்ளை "ஒண்டுமே வருகுதில்ல" என்றாள். பேருவளைப் பக்கத்துத் தம்பி ஒருவர் இந்த வேலைகளைச் செய்பவர். அவரை அழைத்து வந்தோம். சேர்வருக்கு முன்னால் தண்ணீர்க் குழாய் மாதிரிப் பெட்டியொன்றை யாரோ வைத்திருந்தார்கள். அதை நகர்த்தியபோது உள்ளே இரண்டு டிஸ்க்குகளில் செம்மஞ்சள் நிற லைட் எரிந்துகொண்டிருந்தது. தம்பி தனது லெப்டொப்பை இணைத்து அரை மணித்தியாலம் எதையோ வாசித்துக்கொண்டிருந்தார்.

"ஹாஜியார், இது இண்டைக்குப் பழுதானதில்ல. முதல் டிஸ்க் மே மாசமே செத்திருக்கு. அதுக்கும் முந்தி, சாகப் போகுது எண்டு எழுதியும் வச்சிருக்கு. மிசின் அண்டையிலயிருந்து சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கு."

"யாருக்குச் சொன்ன?"

"அதுதான் விசயம். யாருக்குச் சொல்லணும் எண்டு ஒருத்தரும் அதுக்குச் சொல்லிக் குடுக்கல்ல."

அந்த நேரத்தில் எனக்கு வந்த கோபம் அவர் மீதா, மிசின் மீதா, என் மீதா என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

வெளியில் பிரதி எடுத்து வைக்கிற டிஸ்க்கை மாற்றி மாற்றிப் போடும் பொறுப்பு ஒரு பையனிடம் இருந்தது. அவன் கட்டாருக்குப் போய்விட்டான். அவனுக்குப் பின் அந்த வேலையை எவரும் எடுக்கவில்லை. கடைசிப் பிரதிக்குப் பின்னர் 19 நாட்களின் கணக்கு இல்லை. விற்ற பில்களுக்குக் கடதாசிப் பிரதி இருந்ததால் அவற்றை மீண்டும் ஏற்றினோம். வாடிக்கையாளர் தந்த காசுக்கோ நாங்கள் கொடுத்த பற்றுச்சீட்டைத் தவிர வேறு பிரதி கிடையாது, அதுவும் அவர்கள் கையில். அதாவது யார் எடுத்தார்கள் என்பது எமக்குத் தெரியும், யார் கட்டினார்கள் என்பது தெரியாது.

வியாபாரிகளுக்கு இதன் வேதனையை விளக்க வேண்டியதில்லை. அக்குறணையிலிருந்து இருபது வருடமாக எம்மிடம் சாமான் எடுக்கும் ஒருவருக்கு, பழைய நிலுவையைக் கேட்டு எனது கிளாக் போன் எடுத்துவிட்டார். அவர் அதற்கு முந்திய வாரம்தான் நேரில் வந்து, ஒரு இலட்சத்து எண்பத்தையாயிரம் ரூபாவை எண்ணித் தந்துவிட்டுப் போயிருக்கிறார். பற்றுச்சீட்டைப் படம் பிடித்து அனுப்பினார், வேறொரு வார்த்தையும் பேசவில்லை. நான் இரண்டு முறை நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். தேநீர் தந்து நன்றாகத்தான் பேசினார். ஆனால் இன்றுவரை எமது கடைக்கு ஓடர் வரவில்லை. மறுபக்கத்தில், நாம் மறந்தே போன கடனைத் தாமாகவே சொல்லிக் கட்டியவர்களும் இருந்தார்கள். கிண்ணியாவிலிருந்து ஒருவர் அழைத்து, "உங்கட கொம்பியூட்டர் உடைஞ்சாலும் எண்ட கொப்பி இரிக்கி" என்றார்.

செத்த முதல் டிஸ்க்குக்குப் பதிலாக ஒன்றை மே மாதத்தில் போட்டிருந்தால், பாவித்த டிஸ்க் ஒன்றின் விலை அன்று முப்பதாயிரம் ரூபாவுக்குள்தான். கடையைப் பூட்ட வேண்டிய அவசியமும் இல்லை. ஓடிக்கொண்டிருக்கும்போதே பழையதை இழுத்துவிட்டுப் புதியதைச் செருகலாம்.

சேர்வருக்குள் ஒரு காவற்காரன்

இனி, அந்தத் தம்பி எனக்கு விளங்கப்படுத்தியதை நான் விளங்கிக்கொண்டவாறு எழுதுகிறேன்.

வீட்டுக் கொம்பியூட்டருக்கும் சேர்வருக்கும் உள்ள பெரிய வேறுபாடுகளில் ஒன்று, சேர்வருக்குள் இன்னொரு சின்னக் கொம்பியூட்டர் இருப்பதாகும். பீ.எம்.சீ. என்பது அதன் பொதுப்பெயர். எச்.பி. சேர்வர்களில் ஐலோ என்றும், டெல் சேர்வர்களில் ஐட்ராக் என்றும், லெனோவோவில் எக்ஸ்கிளாரிட்டி என்றும் அழைக்கிறார்கள். சேர்வரை நிறுத்தி வைத்தாலும் மின்சார வயர் செருகியிருக்கும் வரை இது விழித்திருக்கும். உள்ளே வெப்பம் எவ்வளவு, மின்விசிறி எந்த வேகத்தில் சுற்றுகிறது, பவர் சப்ளை இரண்டும் வேலை செய்கின்றனவா, மெமரியில் பிழை வருகிறதா, டிஸ்க் எந்த நிலையில் இருக்கிறது என்பதையெல்லாம் பார்த்து நேரத்தோடு பதிந்து வைக்கும். இதற்கென ஐ.பி.எம்.ஐ. என்ற பொது முறையை இன்டெல், எச்.பி., டெல், என்.ஈ.சி. ஆகிய நிறுவனங்கள் சேர்ந்து 1998 இலேயே கொண்டுவந்துவிட்டன. அதைவிடப் புதிய ரெட்ஃபிஷ் என்ற முறை 2015 இல் வந்தது. ஆகவே உங்களிடம் இருப்பது பழைய பாவித்த சேர்வராக இருந்தாலும் அநேகமாக இந்தக் காவற்காரன் உள்ளே இருப்பான். எமது சேர்வரில் அவன் நான்கு வருடமாகச் சம்பளமில்லாமல் வேலை செய்திருக்கிறான். அவனுக்குப் பின்பக்கத்தில் தனியாக ஒரு நெட்வேர்க் துவாரம் உண்டு. அதில் வயரே செருகப்பட்டிருக்கவில்லை!

புதிய சேர்வர் வந்தபோது தம்பி முதலில் செய்த வேலை, அந்தத் துவாரத்துக்கு வயர் இழுத்து, மாறாத ஐ.பி. இலக்கமொன்றைக் கொடுத்து, கடிகாரத்தைச் சரி செய்ததுதான். நேரம் பிழையென்றால் பதிவேடு உதவாது. அடுத்து, பிழை வந்தால் மின்னஞ்சல் அனுப்பும்படி அமைத்தார். இந்த இடத்தில் இரண்டு விடயங்களைக் கவனிக்க வேண்டும். மின்னஞ்சல் அனுப்பும் வசதியைச் சில கொம்பனிகள் காசு கட்டி எடுக்கும் அனுமதிப்பத்திரத்துக்குள் வைத்திருக்கின்றன. வாங்குவதற்கு முன்னர் கேட்டுக்கொள்ளுங்கள். மற்றது, பழைய மிசின்களுக்கு இன்றைய மின்னஞ்சல் சேவைகளின் பாதுகாப்பு முறை ஒத்துவராது. அனுப்பியதாகச் சொல்லும், ஆனால் வந்து சேராது. எங்கள் கடையில் ஒரு பழைய கொம்பியூட்டரில் செபிக்ஸ் என்ற இலவச மென்பொருளைப் போட்டு, சேர்வர், யூ.பி.எஸ்., இன்டர்நெட் ரவுட்டர் மூன்றையும் அதன் கண்காணிப்பில் விட்டிருக்கிறார். செய்தி அதிலிருந்துதான் எனது போனுக்கு வருகிறது.

முதல் வாரம் ஒரு நாளைக்கு நாற்பது செய்தி வந்தது. விசிறி வேகம் கூடியது, குறைந்தது, யாரோ உள்நுழைந்தார், வெளியேறினார்! மூன்றாம் நாளே நான் பார்ப்பதை விட்டுவிட்டேன். தம்பியிடம் சொன்னேன், கடையில் ஒவ்வொரு ஆணி விற்கும்போதும் எனக்குச் சொல்ல வேண்டாம், களவு போனால் சொல்லுங்கள் என்று. எச்சரிக்கை, ஆபத்து என்ற இரண்டு தரத்தில் உள்ளவை மட்டும் வரும்படி மாற்றினார். அத்துடன் ஒவ்வொரு ஞாயிறு காலையும் 'எல்லாம் நலம்' என்று ஒரு செய்தி வரும். அது வராவிட்டால் செய்தி அனுப்புகிறவனுக்கே ஏதோ ஆகியிருக்கிறது என்று அர்த்தம்.

அமைத்து முடித்ததும் பரீட்சித்துப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். புதிய சேர்வரில் பவர் சப்ளை இரண்டு. என் முன்னாலேயே ஒன்றின் வயரைக் கழற்றச் சொன்னேன். சேர்வர் நிற்கவில்லை, இரண்டு நிமிடத்தில் எனது போன் சத்தமிட்டது. அதற்குப் பின்னர்தான் காசோலை எழுதினேன்.

யூ.பி.எஸ்ஸையும் மறந்துவிட வேண்டாம். அதிலிருந்து சேர்வருக்கு ஒரு தகவல் வயர் போக வேண்டும். பெட்டரி இறங்கும்போது சேர்வர் தானாகவே ஒழுங்காக மூடிக்கொள்வதற்காக. 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி, பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு செய்த வேலையால் நாடு முழுக்க இருளானதே, அன்று ஞாயிற்றுக்கிழமை, கடை பூட்டு. நான் ஒரு கலியாண வீட்டில் இருந்தேன். மின்சாரம் போனது, பெட்டரி இறங்குகிறது, சேர்வர் மூடப்பட்டது என்று வரிசையாக மூன்று செய்திகள் வந்தன. பிரியாணியை நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

இன்னொரு சின்ன அடையாளத்தையும் சொல்லி வைக்கிறேன். டிஸ்க்குகளை நிர்வகிக்கும் ரெய்ட் அட்டையில் அநேகமாக ஒரு சிறு பெட்டரியோ அதுபோன்ற ஒன்றோ இருக்கும். அது செத்தால் எழுதும் வேகத்தை அட்டை தானாகவே குறைத்துக்கொள்ளும், பாதுகாப்புக்காக. கடையில் அது 'இண்டைக்கு பில் அடிக்க ஸ்லோவா இருக்கு' என்றுதான் தெரியும். நாமோ இன்டர்நெட் கொம்பனியைத் திட்டிக்கொண்டிருப்போம்.

லைட் எரியாமலே சாகும் டிஸ்க்

கண்காணிப்பைப் போட்டாயிற்று, இனிப் பயமில்லை என்று நான் நினைத்திருந்தபோது தம்பி ஃபேர்ம்வெயார் பற்றிப் பேச்செடுத்தார். டிஸ்க், ரெய்ட் அட்டை, நெட்வேர்க் அட்டை, நான் சொன்ன அந்தக் காவற்காரன் ஆகிய ஒவ்வொன்றுக்குள்ளும் அதனதன் வேலையைச் சொல்லிக்கொடுக்கும் ஒரு சின்ன மென்பொருள் எழுதப்பட்டிருக்கிறது. அதுதான் ஃபேர்ம்வெயார். அதில் பிழை கண்டால் தயாரித்தவர்கள் திருத்திய பதிப்பை வெளியிடுவார்கள். "ஓடுற மிசினில ஏன் தம்பி கை வைக்கிற?" என்று கேட்டேன். எமது வர்த்தகர்கள் பத்தில் ஒன்பது பேர் இதைத்தான் கேட்பார்கள். அவர் பதிலுக்கு ஒரு கதை சொன்னார். உண்மைக் கதை.

2019 நவம்பரில் எச்.பி.ஈ. நிறுவனம் தனது வாடிக்கையாளருக்கு ஒரு அறிவித்தல் விடுத்தது. தான் விற்ற குறிப்பிட்ட சில எஸ்.எஸ்.டி. டிஸ்க்குகள், மின்சாரம் ஏறிய நேரத்திலிருந்து கணக்கிட்டு 32,768 ஆவது மணித்தியாலத்தில் செயலிழந்துவிடும் என்பது அதன் சாரம். மூன்று வருடம், 270 நாள், 8 மணித்தியாலம். அதன்பின் டிஸ்க்கும் இல்லை, அதிலுள்ள தரவும் இல்லை, இரண்டையும் மீட்க முடியாது. கூட்டல், கழித்தல் குறியோடு 16 பிட்டில் எழுதும் எண்ணில் 32,767 வரைதான் எண்ண முடியும் என்பதை அறிந்தவர்களுக்கு அந்த இலக்கத்தைக் கண்டதுமே விசயம் விளங்கியிருக்கும். 2020 மார்ச்சில் இரண்டாவது அறிவித்தல். வேறு சில டிஸ்க்குகள், இம்முறை 40,000 மணித்தியாலம், அதாவது நான்கு வருடம், 206 நாள், 16 மணித்தியாலம். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான், திருத்திய ஃபேர்ம்வெயாரை அந்த நேரம் வருமுன்னர் ஏற்றிவிடுவது.

இதில் என்னை உலுக்கிய விடயம் வேறு. ஒரு சேர்வரை வாங்கும்போது அதிலுள்ள டிஸ்க்குகள் எல்லாம் ஒரே நாளில் ஓட ஆரம்பிக்கின்றன. ஆகவே எல்லாம் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் சாகும். 'ஒன்று போனாலும் மற்றவை காப்பாற்றும்' என்ற ரெய்ட் இங்கே என்ன செய்யும்? செம்மஞ்சள் லைட்டும் எரியாது. எனது காவற்காரனும் முன்கூட்டி எதுவும் சொல்ல மாட்டான், ஏனெனில் கடைசி மணித்தியாலம் வரை டிஸ்க் நல்ல சுகமாக இருக்கும். தேய்ந்து சாவதைக் கண்காணிப்பு காட்டும். உள்ளே எழுதப்பட்ட பிழையால் சாவதை, தயாரித்தவரின் அறிவித்தலை வாசிக்கிறவன் மட்டும்தான் அறிவான்.

காவற்காரனுக்கும் ஃபேர்ம்வெயார் உண்டு என்றேன் அல்லவா? ஐலோ 4 இன் பழைய பதிப்புகளில் ஒரு ஓட்டை இருந்தது. இணைப்பில் 'ஏ' என்ற ஆங்கில எழுத்தை 29 தடவை அனுப்பினால் கடவுச்சொல் இல்லாமலே உள்ளே போகலாம். 2017 இல் அதற்குத் திருத்தம் வந்தது. 2018 இல் ஜங்கிள்செக் என்ற கப்பம் கேட்கும் நச்சு நிரலைப் பரப்பியவர்கள், இன்டர்நெட்டில் திறந்து கிடந்த ஐ.பி.எம்.ஐ. வழியாகவே பல சேர்வர்களுக்குள் நுழைந்தார்கள். காவற்காரனைத் தெருவில் நிறுத்தினால் கள்ளனும் அவனோடு பேசத்தான் செய்வான். அந்தத் துவாரத்தை இன்டர்நெட்டுக்குத் திறந்துவிடக் கூடாது, கடைக்குள்ளேயும் தனி வழியில் இருக்க வேண்டும். வரும்போது இருந்த கடவுச்சொல்லை முதல் நாளே மாற்ற வேண்டும். பழைய டெல் சேர்வர்கள் அனைத்துக்கும் ரூட் என்ற பெயரும் கெல்வின் என்ற கடவுச்சொல்லும்தான் என்பது உலகமறிந்த இரகசியம். பாவித்த சேர்வர் வாங்கியவர்கள் இன்றே பார்க்கவும்.

பாவித்த சேர்வர் விடயத்தில் மற்றொன்று. எச்.பி. நிறுவனம் 2014 பெப்ரவரியிலிருந்து, சேர்வரின் பயோஸ் திருத்தங்களை உத்தரவாதக் காலத்தில் உள்ளவர்களுக்கும் ஒப்பந்தம் செய்தவர்களுக்கும் மட்டும் என்று ஆக்கியது. மலிவாகக் கிடைத்தது என்று வாங்கி வந்தபின், திருத்தத்தை இறக்கப் போனால் கதவு பூட்டு. விலை பேசும்போது இதையும் சேர்த்துப் பேசுங்கள். 'இந்த மொடலுக்கு ஃபேர்ம்வெயாரை நான் எங்கிருந்து எடுப்பது?' என்று கேளுங்கள். பதில் தெரியாத வியாபாரியிடம் வாங்காதீர்கள். நானும் வியாபாரிதான், கோபிக்க வேண்டாம்.

திருத்தத்தை ஏற்றுவதற்கு எமது கடையில் போயா தினத்தை ஒதுக்கியிருக்கிறோம். கடை பூட்டு, அவசரமில்லை. முதல் நாள் இரவு முழுப் பிரதி எடுத்து, அதைத் திறந்தும் பார்த்துக்கொள்வோம். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் அட்டை வெறும் செங்கல்தான் என்பதால், யூ.பி.எஸ். நிறைந்திருக்க வேண்டும், ஜெனரேட்டரில் டீசல் இருக்க வேண்டும். ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றுவதில்லை. ஒன்றை மாற்றி, ஓட்டிப் பார்த்து, பிறகு அடுத்தது. வெளிவந்த அன்றே ஓடிப்போய் ஏற்றுவதையும் தம்பி விரும்புவதில்லை, திருத்தத்திலேயே பிழை வருவதுண்டாம். பாதுகாப்பு ஓட்டை, தரவு இழப்பு என்று அறிவித்தலில் இருந்தால் மட்டும் காத்திருப்பதில்லை.

இவை எல்லாவற்றுக்கும் ஒரு எண்பது பக்கக் கொப்பி வைத்திருக்கிறேன். சேர்வரின் தொடரிலக்கம், ஒவ்வொரு பாகத்தினதும் ஃபேர்ம்வெயார் பதிப்பு, டிஸ்க்குகள் எத்தனை மணித்தியாலம் ஓடியுள்ளன, எப்போது யார் எதை மாற்றினார் என்பதெல்லாம் அதில் உண்டு. முதல் பக்கத்தில் மூன்று பெயர்கள். செய்தி வந்தால் முதலில் பார்ப்பவர் கணக்குப் பார்க்கும் எனது மகள், அவர் இல்லாவிட்டால் கிளாக், அவரும் இல்லாவிட்டால் நான். யாராவது வெளிநாடு போனால் பெயரை வெட்டி அடுத்தவர் பெயரை எழுதாமல் சம்பளக் கணக்கை முடிப்பதில்லை.

சென்ற மாதம் ஒரு டிஸ்க் 'சாகப் போகிறது' என்று செய்தி வந்தது. மகள் தம்பிக்கு அழைத்தாள். லுஹர் தொழுதுவிட்டு வந்து பார்த்தேன், மேல்தட்டில் பழைய டிஸ்க் மேசையில் கிடந்தது, சேர்வரில் பச்சை லைட். கீழே கம்பி ஏற்ற வந்த லொறிக்குப் பில் போய்க்கொண்டிருந்தது.

பிரதி எடுத்து வைப்பது பற்றித் தனியாக எழுத வேண்டியிருக்கிறது. அந்த 19 நாள் கணக்கின் மீதிக் கதை அதில்தான் இருக்கிறது. இடம் போதாததால் அடுத்த வாரம்.